கோளத்துக்குள் ஒரு கொழுந்தன்

மாரிசெல்வம் இல்லாமல் போவதற்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. அந்த விவரம் தெரியாமல் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, யாருடைய கிணற்று மோட்டாருக்கோ செம்புக் கம்பியால் காயில் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பதிவகத்துலேருந்து உங்களுக்கு ஒரு தகவல்” என்றபடி அவர் மனைவி சங்கரேஸ்வரி கைப்பேசியோடு வெளியே வந்தாள். மெடிக்கல் ஷாப் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள். ஒரு காதில் மட்டும் தோடு இருந்தது.

“படி.”

“‘தங்கள் இல்லத்தில் ஒரே கைரேகையுடன் இருவர் பதிவாகியுள்ளனர். மாரிசெல்வம், நம்பகப் புள்ளி அறுபத்தொன்று. காளிசெல்வம், நம்பகப் புள்ளி நூறு. ஏழு நாள்களுக்குள் இருவரும் ஒரே சரிபார்ப்புக் கோளப் படத்தில் தோன்றாவிட்டால், புள்ளி குறைந்தவர் போலி எனக் கருதி நீக்கப்படுவார்.’”

மாரிசெல்வம் செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். “காளிசெல்வமா? யாரு அது?”

“அதான் தெரியல… இருங்க.” சங்கரேஸ்வரியின் முகம் மெல்ல மாறியது. “ஐயையோ. அது நான் வச்ச பேருங்க.”

“நீ வச்சியா?”

“போன மாசம் ஃபோன்ல ‘உங்கள் வீட்டில் உள்ள இரண்டாவது சகோதரரின் பெயர் என்ன’ன்னு கேட்டுச்சு. ஏதோ சோப்புக் கம்பெனிப் போட்டின்னு நினைச்சேன். அண்ணன் மாரின்னா தம்பி காளிதானேன்னு தட்டி அனுப்பிட்டேன். பரிசு ஒண்ணும் வரல.”

“வந்துச்சே” என்றார் மாரிசெல்வம், குரலைத் தாழ்த்தி. “போன தடவை ரேஷன்ல ஒரு பொட்டலம் பருப்பு கூடக் குடுத்தான். வீட்டுல இன்னொரு ஆள் இருக்குன்னான். சரின்னு விரலை வச்சு வாங்கிட்டு வந்துட்டேன்.”

“ஏன்னு கேக்கலையா?”

“கேட்டா நிறுத்திருவான்ல.”

அது 2046ஆம் வருஷம். படிவங்களோடு வீடு வீடாக வந்து தலை எண்ணிய காலம் போய்விட்டது. இப்போது ஒரு வீட்டுக்கு ஒரு படம். மீன்கண் லென்ஸ் மாட்டிய கேமராவைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, நாலு திசைக்கும் ஒவ்வொன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று எடுப்பார்கள். இயந்திரம் ஆறையும் தைத்து, உள்ளே நின்று பார்க்கிற பந்தைப் போல ஒரு கோளப் படமாக்கும். அதில் எத்தனை முகமோ அத்தனை பேருக்கு ஆளுக்கொரு எண். பஸ், ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த எண்ணில்தான். ‘மனிதக் கை படாத பதிவு’ என்று அரசாங்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. கை படாததால் திருத்தவும் கை கிடையாது.

“அதென்ன எனக்கு அறுபத்தொண்ணு, அவனுக்கு நூறு?”

“ஹெல்மெட் போடாம போனது பதினொரு தடவை. தண்ணி வரி லேட்டு. ஏழாங்கிளாஸ்ல எடுத்த லைப்ரரி புக்கு இன்னும் திருப்பித் தரலையாம்.”

“அவன் வண்டியே ஓட்டாதவன். அவன் எங்க ஹெல்மெட் போடாம போக?”

“அதுக்குத்தான் நூறு.” அவள் தன் பதிவைத் திறந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். “‘நீக்கத்துக்குப் பின்: கணவர் இல்லை. கொழுந்தன் ஒருவர்.’”

“அவ்வளவுதானே. நான் காளியாவே இருந்துட்டுப் போறேன். நூறு புள்ளி சும்மா வருது.”

“நான் கொழுந்தன்கூடக் குடும்பம் நடத்தவா? தெருவுல தலைகாட்ட முடியுமா?” அவள் சிரிப்பு நின்றது. “பட்டறை லைசென்ஸ் மாரிசெல்வம் பேர்ல இருக்கு. சுகர் மாத்திரைச் சீட்டு மாரிசெல்வம் பேர்ல இருக்கு. எங்க கடைக்கு நீங்க வந்து நின்னாக்கூட நான் எடுத்துத் தர முடியாது. மெஷின் திறக்காது.”

அதன் பிறகு மாரிசெல்வமும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே அவர்கள் நிலோஃபரை வரவழைத்தார்கள். நத்தக்குளம் வட்டத்தின் கோளப் பதிவாளர் அவள். இருபத்தேழு வயது. கேமராப் பையை முன்பக்கம் குழந்தையைப் போல் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் மூன்று மாதத்துக்கு முன் எடுத்த படத்தைச் சுவரில் பாய்ச்சி, விரலால் மெல்லச் சுழற்றினாள்.

கூடம் சுழன்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் புது நீலச் சட்டையோடு, மூச்சடக்கிய மாரிசெல்வம். பக்கத்தில் சங்கரேஸ்வரி. பிறகு ஜன்னல், பீரோ, காலண்டர். அப்புறம் அடுப்படி வாசல். அங்கே பனியனும் துண்டுமாக, கையில் டம்ளரோடு, சிரித்தபடி இன்னொரு மாரிசெல்வம்.

“அண்ணாச்சி” என்றாள் நிலோஃபர் மெதுவாக. “இங்க எப்போ போனீங்க?”

“நீங்க அசையக்கூடாதுன்னு சொன்னீங்க. கிளிக் சத்தம் கேக்குற வரைக்கும் அசையல. என் பக்கம் முடிஞ்சிருச்சுன்னு சட்டையைக் கழட்டி மாட்டினேன். நீங்க வேர்த்து ஊத்தி நின்னீங்க. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு நன்னாரி சர்பத்தாவது குடுக்கணும்ல? அடுப்படிக்குப் போயிட்டு வாசப்படிக்கு வந்தா, கேமரா என்னையே பார்த்துக்கிட்டு நிக்குது. மறுபடியும் அசையாம நின்னுட்டேன்.”

“சிரிச்சுக்கிட்டு வேற நிக்குறீங்க.”

“போட்டோன்னா சிரிக்கணும்ல.”

நிலோஃபர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“நீ அங்கதானம்மா நின்ன, பார்க்கலையா?” என்றாள் சங்கரேஸ்வரி.

“இந்த லென்ஸ் பாதி உலகத்தைப் பார்த்துரும்க்கா. பக்கவாட்டுல கொஞ்சம் பின்னாலகூடப் பார்க்கும். நான் படத்துல விழுந்துடக் கூடாதுன்னு கேமராவுக்குப் பின்னால ஸ்டாண்டோட ஒட்டிக் குனிஞ்சு உட்காருவேன். அது திரும்பத் திரும்ப நானும் தவழ்ந்து திரும்புவேன். ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்க்க முக்கால் நிமிஷம் ஆகும். அண்ணாச்சி நடந்தப்போ நான் பார்த்தது உங்க வீட்டுத் தரையை.”

“ஒரே மூஞ்சின்னு மெஷினுக்குத் தெரியாதா?”

“ஒரே முகம், ஒரே உடுப்புன்னா ஒருத்தர்னு விட்டுரும். உடுப்பு வேறன்னா ரெட்டைப் பிறவின்னு எடுத்துக்கும். அண்ணாச்சி சட்டையைக் கழட்டாம இருந்திருந்தா காளிசெல்வம் பிறந்திருக்கவே மாட்டாரு.”

“புதுச் சட்டைல சர்பத் சிந்திட்டா?” என்றார் மாரிசெல்வம், நியாயமாக.

நிலோஃபர் சுவரில் இருந்த படத்தை அணைத்தாள். ஆயிரம் வீடு பிழையில்லாமல் முடித்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். நேற்றுத்தான் ஆயிரமாவது வீட்டை முடித்திருந்தாள். இது அறுநூற்று எண்பத்தேழாவது. அதை அவள் அவர்களிடம் பிறகுதான் சொன்னாள், அதுவும் சங்கரேஸ்வரி துருவிக் கேட்டதால்.

மறுநாள் மூவரும் பதிவு அலுவலர் தேவசகாயத்தைப் போய்ப் பார்த்தார்கள். ஓய்வுபெற மூன்று வருஷமே பாக்கி உள்ளவர். எதைச் சொன்னாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“பிழைன்னு நான் எழுதித் தரேன் சார்” என்றாள் நிலோஃபர்.

“எழுத்தை அது படிக்காதும்மா. படத்தைத்தான் படிக்கும்.”

“சார், நான்தான் மாரிசெல்வம். நேர்ல நிக்குறேனே” என்றார் மாரிசெல்வம்.

“நிக்குறீங்க. நான் பார்க்குறேன். ஆனா நான் பார்க்குறதுக்கு விதியில இடமில்ல.” தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நம்ம கூடத்துல சரிபார்ப்புப் படம். ரெண்டு பேரும் வந்துருங்க. கேஸ் முடிஞ்சிரும்.”

“அதுல ஒருத்தன் இல்லவே இல்லையே சார்.”

“அப்போ அவரைக் கூட்டிட்டு வர்றது கஷ்டம்தான்” என்றார் தேவசகாயம். அவர் கிண்டல் செய்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸிலேயே சங்கரேஸ்வரி வழி கண்டுபிடித்துவிட்டாள். “ஒரு தடவை ரெண்டு பேரா நின்னவருதானே? இன்னொரு தடவை நிக்கட்டும். ஒரு கிளிக்குக்கு இங்க, அடுத்ததுக்கு ஓடிப்போய் அங்க. நடுவுல சட்டையை மாத்தணும்.”

அன்று சாயங்காலம் கூடத்தில் ஒத்திகை நடந்தது. சங்கரேஸ்வரி வாயால் ‘கிளிக்’ என்றாள். மாரிசெல்வம் நாற்காலியிலிருந்து எழுந்து, நீலச் சட்டையைக் கழற்றியபடி அறையைச் சுற்றி ஓடி, மஞ்சள் சட்டைக்குள் தலையை விட்டு, எதிர்ச் சுவரில் போய் மோதி நின்றார். இரண்டாவது தடவை பொத்தான் மாறிப்போனது. மூன்றாவது தடவை நாற்காலி போனது.

“காளிக்கு இப்படி இரைக்காதுங்க. அவர் நூறு புள்ளி” என்றாள் சங்கரேஸ்வரி.

“அவனையே ஓடச் சொல்லு.”

ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நிலோஃபர் எழுந்தாள். “வேண்டாம்க்கா. நான் எடுக்க மாட்டேன்.”

“ஏன்மா? உன் வேலையும் தப்பிக்குமே.”

“தப்பிக்கும். முதல் தடவை எனக்குத் தெரியாம ஒரு ஆளை உண்டாக்கிட்டேன். இப்போ தெரிஞ்சே உறுதிப்படுத்தணும்னா… அப்புறம் காளிசெல்வத்தை யாராலயும் அசைக்க முடியாது. நாளைக்கு அண்ணாச்சிக்கு அம்பது புள்ளி ஆச்சுன்னா மறுபடி இதே நோட்டீஸ் வரும். அப்பவும் ஓடுவாரா? எழுபது வயசுலயும் ஓடுவாரா?”

மாரிசெல்வம் மூச்சு வாங்கியபடி, தான் ஓட மாட்டேன் என்று கையால் சைகை காட்டினார்.

“பின்ன என்னதான் செய்யுறது? இன்னும் ஆறு நாள்தான் இருக்கு.” சங்கரேஸ்வரியின் குரல் உடைந்தது. “இவரு இருக்காருன்னு எத்தனை பேர்கிட்ட நான் சொல்ல?”

நிலோஃபர் உடைந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். “மெஷின்கிட்ட வாயால சொல்ல முடியாது. படத்தாலதானே சொல்லணும்? சொல்லுவோம். அக்கா, உங்க மெடிக்கல் ஷாப் வெள்ளைக் கோட்டை வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. கூடத்தின் நடுவில் கேமரா. ஒரு பெஞ்சில் மாரிசெல்வமும் சங்கரேஸ்வரியும். மேஜைக்குப் பின்னால் தேவசகாயம்.

“இன்னொருத்தர் எங்க?” என்றார் அவர்.

“வரலை சார். நாம மட்டும்தான்” என்றாள் நிலோஃபர். “ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு. சரிபார்ப்புப் படத்துக்கு அறையில எத்தனை பேர்னு நீங்க கையெழுத்துப் போடணும்ல? இப்பவே போட்டுருங்க.”

“வீட்டுப் படத்துக்கு அது கிடையாது. இதுக்கு உண்டு.” தேவசகாயம் பேனாவால் காற்றில் எண்ணினார். “மூணு.”

“உங்களை விட்டுட்டீங்க சார்” என்றாள் சங்கரேஸ்வரி.

“நாலு.” எழுதப் போனவர் நிறுத்தினார். “பதிவாளரைச் சேர்த்து எண்ணலாமா? பதிவாளர் படத்துக்குள்ள வரக்கூடாதே.”

“அப்படி ஒரு விதி இருக்கா சார்?”

தேவசகாயம் விதிப் புத்தகத்தைத் திறந்தார். இருபது நிமிஷம் படித்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். “இல்லதான்” என்றார் ஆச்சரியத்தோடு. “எல்லாரும் ஒளிஞ்சே பழகிட்டீங்க போல.”

“அப்போ நீங்க பார்க்குறதை எழுதுங்க சார். அவ்வளவுதான்.”

“எனக்கு ரிட்டயராக மூணு வருஷம் இருக்கும்மா.”

“இந்த அண்ணாச்சிக்கு மூணு நாள்தான் இருக்கு சார்.”

தேவசகாயம் மாரிசெல்வத்தைப் பார்த்தார். மாரிசெல்வம், படம் எடுக்கப்போகிறார்களென்று, ஏற்கெனவே அசையாமல் உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் ‘நான்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிலோஃபர் டைமரை அழுத்தினாள். குனியவில்லை, ஒளியவில்லை. சாம்பல் நிற அலுவலகக் கோட்டோடு லென்ஸுக்கு நேர் எதிரே போய் நிமிர்ந்து நின்றாள். கிளிக். கேமராவைத் திருப்பினாள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி எதிரே போய் நின்றாள். கிளிக். மூன்றாவது திசைக்கு சங்கரேஸ்வரியின் வெள்ளைக் கோட்டு. நான்காவதுக்குத் துப்பட்டாவை முண்டாசாகக் கட்டிக்கொண்டாள். அசையக்கூடாது என்பதால் சங்கரேஸ்வரி சிரிப்பை அடக்கிக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று.

இயந்திரம் தைத்தது. திரையில் கோளம் விரிந்தது. மூலைக்கு ஒரு நிலோஃபராக நால்வர்.

‘அறையில் உள்ளோர்: ஏழு பேர்.’

அடுத்த நொடி நிலோஃபரின் கைப்பேசி ஒலித்தது. ‘உங்கள் மற்ற மூன்று சகோதரிகளின் பெயர் என்ன?’

“நான் வேணா சொல்லட்டுமா?” என்றாள் சங்கரேஸ்வரி.

“அக்கா, ஃபோனைத் தொடாதீங்க.”

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அலுவலர் கையெழுத்தில் நான்கு, இயந்திரத்தின் கணக்கில் ஏழு. அந்த ஏழில் நால்வர் இயந்திரத்தின் சொந்த ஊழியர். நாலு பேருக்கும் ஒரே ஊழியர் எண். வட்டம் நின்றது.

‘கணக்கு ஒத்துவரவில்லை. இந்த வட்டத்தின் இரட்டையர் பதிவுகள் அனைத்தும் மனித விசாரணைக்கு அனுப்பப்படுகின்றன. அதுவரை நீக்கங்கள் நிறுத்திவைக்கப்படும்.’

தேவசகாயம் அதை இரண்டு தடவை படித்தார். “எட்டு வருஷத்துல இந்த வரியை இப்பத்தான் பார்க்குறேன்” என்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை, கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மாரிசெல்வம் உதடு அசையாமல் கேட்டார், “இப்போ அசையலாமா?”

சென்னையிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். நாலு நிலோஃபரையும் பார்த்துப் பத்து நிமிஷம் சிரித்துவிட்டு, மாவட்டம் முழுக்க இரட்டையர் பட்டியலை எடுக்கச் சொன்னார். நிஜ இரட்டையரைக் கழித்த பிறகும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் மிஞ்சினார்கள். எல்லாப் படத்திலும் இரண்டாமவர் கையில் ஏதோ ஒன்று இருந்தது. மோர், காபி, இளநீர், முறுக்குத் தட்டு. ஒரு வீட்டில் விசிறி. வந்தவரை நிற்கவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் உட்கார்ந்திருக்க மனசு வராதவர்கள்தான் அத்தனை பேரும்.

நிலோஃபருக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, பிழைக்காக எச்சரிக்கை. மற்றது, மற்றப் பதிவாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க நிரந்தர வேலை.

எல்லாம் சுபமாக முடிந்தது, ஒன்றைத் தவிர. காளிசெல்வத்தை எடுக்க வேண்டும்.

“‘இப்படி ஒருத்தர் இருந்ததே இல்ல’ன்னு ஒரு கட்டம் இதுல இல்ல” என்றார் தேவசகாயம், திரையைக் காட்டி. “நீக்கக் காரணம் ரெண்டுதான். குடிபெயர்வு, இறப்பு. குடிபெயர்வு போட்டா எங்கன்னு கேக்கும். வேற ஊர்ல போய் உட்கார்ந்துக்குவாரு.”

“இறப்பே போடுங்க சார்” என்றாள் சங்கரேஸ்வரி. சொன்ன பிறகு, “பாவம்” என்றும் சொன்னாள்.

தேவசகாயம் ‘இயற்கை’ என்று குறித்து அழுத்தினார். சொந்தபந்தங்களுக்கெல்லாம் இயந்திரம் தானாகவே துக்கச் செய்தி அனுப்பும் என்பது அவருக்கும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சாத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள். மாரிசெல்வத்தின் கல்யாணத்துக்கு வந்ததோடு சரி. பதினைந்து வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள். முன்னால் இறங்கிய காந்திமதி பெரியம்மா, மாரிசெல்வத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“என் ராசா, ஒத்தையா நிக்க வச்சுட்டுப் போயிட்டானே.”

“பெரியம்மா, அது வந்து…” என்று மாரிசெல்வம் தொடங்கினார்.

“பேசாத. நீ என்ன பேசுவ?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். சொந்தத்தில் ஒருவனைச் சுத்தமாக மறந்துவிட்டோமே என்ற வெட்கம் எல்லோர் முகத்திலும் இருந்தது. யாராவது ஒருவர் முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

“கல்யாணத்தன்னைக்கு எனக்கு இலை போட்டதே அவன்தான்” என்றார் வழுக்கைத் தலை மாமா ஒருவர்.

அவ்வளவுதான். “ஆமா, சுருட்டை முடி” என்றார் ஒருவர். “ரெண்டு பேர்ல அவன்தான் கொஞ்சம் நிறம்” என்றாள் இன்னொருத்தி. “அதிர்ந்து பேச மாட்டான்.” “வண்டிகூட வேகமா ஓட்டுனது இல்ல.” “தலைக்கவசம் இல்லாம ஏறவே மாட்டான்.”

மாரிசெல்வம் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினொரு அபராதமும் லைப்ரரிப் புத்தகமும் அவர் நெஞ்சில் கனத்தன. இவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். சங்கரேஸ்வரி தலையசைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“ஏ ஈஸ்வரி” என்றாள் காந்திமதி பெரியம்மா, அவளை வாய் திறக்க விடாமல். “உன்னையும் நான் ஒண்ணு கேக்கணும். தங்கமான கொழுந்தன். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் ஒத்தையா விட்டிருக்கீங்களே. அவனுக்கு ஒரு பொண்ணு பார்த்து முடிக்கணும்னு உனக்குத் தோணலையா?”

கூடம் முழுவதும் அவளையே பார்த்தது. பழி நேராகத் தன் தலையில் விழப்போவது சங்கரேஸ்வரிக்குப் புரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“பார்க்காம இருப்போமா பெரியம்மா?” என்றாள். “நாலு இடம் பார்த்தோம். அவருதான் பிடி குடுக்கல.”